போருக்குப் பின் அண்டை நாடுகள்: நம்பிக்கையும் தேற்றமும்

தோற்றுவாய்

போர் ஓய்ந்த பின்னும் ஐயம் ஓய்வதில்லை. எல்லைக்கு அப்பால் எழும் புழுதி பயிற்சிக்குச் செல்லும் படையினதா, போருக்கு வரும் படையினதா என்று அறியமாட்டாத நாடு, தீயதையே கருதித் தன் படையையும் நகர்த்தும். அதனைக் கண்ட மற்றைய நாடும் அவ்வாறே செய்யும். இருவரும் விரும்பாத போர் இவ்வாறு மூளுதலும் உண்டு. இதனைத் தடுத்தற்பொருட்டு அண்டை நாடுகள் தம்முள் செய்துகொள்ளும் ஏற்பாடுகளை இக்காலச் செய்தித்தாள்கள் 'நம்பிக்கை வளர்க்கும் நடவடிக்கைகள்' என வழங்குகின்றன. இத்தொடர் ஆங்கிலத்தினின்று பெயர்க்கப்பெற்றதாகும். இதன்கண் உள்ள 'நம்பிக்கை' என்னும் சொல் அவ்வேற்பாடுகளின் இயல்பைச் செவ்வனே உணர்த்துகின்றதா என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

இது வெறுஞ் சொல்லாராய்ச்சி அன்று. ஓர் ஏற்பாட்டிற்கு நாம் இடும் பெயர், அதனிடம் நாம் எதனை எதிர்பார்க்கின்றோம் என்பதனையும் வரையறுக்கின்றது. எதிர்பார்ப்புப் பிழைபடின், பயனுள்ள ஏற்பாட்டையும் பயனற்றதெனத் தள்ளிவிடுவோம். இந்தியாவும் பாகிஸ்தானும் முக்கால் நூற்றாண்டில் செய்துகொண்ட உடன்படிக்கைகளைச் சான்றாகக் கொண்டு இதனைக் காண்போம்.

சொல்லும் பொருளும்

'நம்பு' என்னும் சொல்லின் பழம்பொருள் யாது? தொல்காப்பியம் சொல்லதிகாரத்து உரியியல், 'நம்பு' என்பதனை 'மேவு' என்பதனோடு ஒருங்கு வைத்து, நசை, அஃதாவது விருப்பம், என்று பொருள் கூறுகின்றது. எனவே அச்சொல்லின் தொடக்கத்தில் நிற்பது விருப்பமே. சான்று கண்டு துணிதல் என்னும் பொருள் ஆண்டு இல்லை. பிற்காலத்தே அச்சொல் பொருள் விரிந்து இன்றைய வழக்கினைப் பெற்றது. எனினும், 'நல்லதே நடக்கும் என நம்புகிறேன்' என இன்று ஒருவர் கூறுமிடத்தும் அப்பழைய விருப்பப்பொருள் நிழலாடக் காணலாம்.

இதனின் வேறாயது 'தேறு' என்னும் சொல். தேறுதல், தெளிதல் என்னும் இரண்டும் கலங்கியது கலக்கம் நீங்குதலைக் குறிப்பன. கலங்கல் நீரைத் தெளிவிக்கக் குடத்தின் உட்புறத்தே இழைக்கும் தேற்றாங்கொட்டை என்னும் பெயரிலும் இப்பொருள் விளங்குகின்றது. நீர் தெளிந்தவழி அடியில் கிடப்பது கண்ணுக்குப் புலனாகும். அவ்வாறு புலனானதனை ஏற்றுக்கொள்ளுதலே தேறுதல். தொல்காப்பியர் ஏகார இடைச்சொல்லின் பொருள்களுள் ஒன்றாகத் தேற்றத்தைக் கூறுவதும் இத் துணிவுப்பொருள் பற்றியே. திருக்குறளின் 51-ஆம் அதிகாரம் 'தெரிந்து தெளிதல்' எனப் பெயர்பெற்றது. அரசன் தனக்கு வினைசெய்வாரைத் தேர்ந்துகொள்ளும் முறையே ஆண்டுக் கூறப்படுவது. பகைநாடு பற்றியது அன்று. ஆயினும், ஆராயாது தெளிதலும் தெளிந்தபின் ஐயுறுதலும் ஒருங்கே துன்பம் தரும் என அவ்வதிகாரத்து இறுதிக்கண் வள்ளுவர் கூறும் கருத்து, நாடுகளின் உறவுக்கும் பொருந்துவதே.

மற்றொரு வேறுபாடும் ஈண்டுக் கருதற்பாலது. 'தேறு' என்பது தன்வினை. 'தேற்று' என்பது அதன் பிறவினை. பிறரது கலக்கத்தை நீக்குதல் தேற்றுதல். 'நம்பு' என்பதற்கு உலக வழக்கில் இத்தகைய பிறவினை இல்லை. 'நம்பவைத்தல்' எனத் துணைவினை கூட்டியே சொல்லுதல் வேண்டும். அதற்கோ ஏமாற்றுதல் என்னும் குறிப்பும் உடன் வருகின்றது. 'நம்பவைத்துக் கழுத்தறுத்தல்' என்னும் வழக்குத்தொடரை அறியாதார் இலர்.

ஆக, பகைவன் நம்மை விரும்புமாறு செய்தல் ஒன்று. நம் செயல் பகைவனுக்குத் தெளிவாகப் புலப்படுமாறு செய்தல் மற்றொன்று. போருக்குப் பின் அண்டை நாடுகள் செய்துகொள்ளும் ஏற்பாடுகள் இவற்றுள் எதனைச் சார்ந்தவை என்பதே வினா.

தொடரின் பிறப்பு

'நம்பிக்கை வளர்க்கும் நடவடிக்கைகள்' எனத் தமிழில் பெயர்க்கப்படும் ஆங்கிலத் தொடர் உலக அரங்கில் நிலைபெற்றது 1975 ஆகஸ்டு 1-இல் 35 நாடுகள் கையொப்பமிட்ட ஹெல்சிங்கி இறுதி ஆவணத்தினால் ஆகும். 25,000 வீரருக்கு மேற்பட்ட படைப்பயிற்சி நிகழ்வதாயின், 21 நாளேனும் முன்னதாகப் பிற நாடுகளுக்கு அறிவித்தல் வேண்டும் என அது வகுத்தது. அறிவிப்பு உண்மையானதா எனச் சென்று பார்க்கும் உரிமையை அது வழங்கவில்லை. 1986-இல் ஸ்டாக்ஹோமில் உருவான ஆவணம் வீரர் தொகையை 13,000 எனக் குறைத்து, முன்னறிவிப்புக் காலத்தை 42 நாளாக உயர்த்தியது. ஐயமுற்ற நாடு நேரிற் சென்று காணுதற்கும் வழிசெய்தது. சொல் 'நம்பிக்கை' என நின்றபோதும், ஏற்பாடு மேலும் மேலும் காட்சியளவையை நோக்கியே வளர்ந்தது என்பது இதனால் பெறப்படும்.

பெயருக்கு முந்திய பொருள்

இந்திய-பாகிஸ்தான் உறவில் இப்பெயர் தோன்றுமுன்னரே பொருள் தோன்றிவிட்டது. முதற் காசுமீரப் போரை அடுத்து, 1949 சூலையில் கராச்சியில் இரு நாட்டுப் படைப் பேராளரும் கூடிப் போர்நிறுத்தக் கோட்டினை வரைந்தனர். 1960 செப்டம்பர் 19-இல் நேருவும் அயூப்கானும் கையொப்பமிட்ட சிந்துநீர் உடன்படிக்கை, இராவி, பியாசு, சட்லெச்சு என்னும் கீழை ஆறுகளை இந்தியாவுக்கும், சிந்து, சீலம், செனாப் என்னும் மேலை ஆறுகளை, சில பயன்பாடுகளை இந்தியாவுக்கு ஒதுக்கி, பாகிஸ்தானுக்கும் வகுத்தது. இரு நாட்டு ஆணையரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் கூடுதலும், நீரளவுக் குறிப்புகளைப் பரிமாறுதலும் அதன் உறுப்புகள். 1971-ஆம் ஆண்டுப் போருக்குப் பின் சிம்லாவில் 1972 சூலை 2-இல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி கட்டுப்பாட்டுக் கோடு உருவாயிற்று. இரு நாட்டுப் படைச்செயல் தலைமை இயக்குநர்களும் நேரே பேசுதற்குரிய தனித் தொலைபேசி இணைப்பும் அப்போரினை அடுத்து அமைந்ததே.

எனினும் இவ்வேற்பாடுகளின் தேவையை நன்கு உணர்த்தியது 1986-87-இல் எழுந்த நெருக்கடி ஆகும். இராசத்தானத்தில் இந்தியா 'பிராசுடாக்சு' என்னும் பெரும் படைப்பயிற்சியை நடத்தியது. அது பயிற்சியா, போர் ஆயத்தமா எனத் துணியமாட்டாத பாகிஸ்தான் தன் படைகளை முன்னிறுத்தியது. இந்தியாவும் எல்லைக்குப் படைகளை விரைந்து அனுப்பிற்று. 1987-இன் தொடக்கத்தில் நிகழ்ந்த பேச்சினால் படைகள் படிப்படியாக விலகின. கலக்கமே போருக்கு வாயிலாகும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

இதன் பயனாக 1991 ஏப்பிரல் 6-இல் இரு உடன்படிக்கைகள் கையொப்பமாயின. ஒன்று, பெரும் படைப்பயிற்சிகளை எழுத்து வாயிலாக முன்னரே அறிவித்தல் பற்றியது. மற்றொன்று, போர் வானூர்திகள் எல்லையின் 10 கிலோமீட்டருக்குள் பறத்தலாகாது என்பது. இவ்விரண்டிலும் அன்பு, நட்பு என்பவற்றுக்கு இடமில்லை. 'யான் செய்யப்போவது இது; இதனைக் கண்டு அஞ்ச வேண்டா' எனத் தன் செயலை மற்றவனுக்குத் தெரியவைத்தல் மட்டுமே உண்டு. இது தேற்றுதலே என்பது வெளிப்படை.

ஒரே நாளில் நிகழ்ந்த இரண்டு

இவ்வேற்பாடுகளுள் நீண்ட வாழ்வு பெற்றவற்றுள் ஒன்று அணு நிலையங்கள் பற்றியது. 1981 சூனில் இசுரேல் ஈராக்கின் அணு உலையைக் குண்டுவீசி அழித்தது. அதனைப் போன்ற தாக்குதல் தன் நிலையங்கள்மீதும் நிகழுமோ என்னும் அச்சம் பாகிஸ்தானில் நிலவியது. 1985 டிசம்பரில் இராசீவ் காந்தியும் சியா உல் அக்கும் ஒருவர் நிலையத்தை மற்றவர் தாக்குவதில்லை என வாய்மொழியாக இசைந்தனர். அது 1988 டிசம்பர் 31-இல் எழுத்து வடிவம் பெற்று, 1991 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுதோறும் சனவரி 1-ஆம் நாள் இரு நாடுகளும் தத்தம் அணு நிலையங்களின் பட்டியலைப் புதுதில்லியிலும் இசுலாமாபாத்திலும் ஒரே காலத்தில் பரிமாறுதல் வேண்டும். முதற் பரிமாற்றம் 1992-இல் நிகழ்ந்தது. 2025 வரை 34 முறை, ஓராண்டும் இடையறாது நடைபெற்றது.

இப்பட்டியலைச் சரிபார்க்கும் முறை ஏதும் உடன்படிக்கையில் இல்லை. பட்டியல் முழுமையானதா என்னும் ஐயம் தொடக்கத்திலேயே எழுந்தது. அங்ஙனமாயின் இது தேற்றம் ஆவது எவ்வாறு? குறித்த நாளில், குறித்த முறையில், இருவரும் ஒருங்கே, மாறாது செய்துவருதல் தானே ஒரு சான்றாகின்றது. மேலும், இதனைக் காத்தல் இருவர்க்கும் தன்னலமே. அணு உலை ஒன்று தகர்ந்தால் எழும் நச்சுக்காற்று எல்லைக்கோடு கண்டு நில்லாது.

இதன் வலிமையை 2002 சனவரி 1-ஆம் நாள் காட்டிற்று. முந்திய மாதத்தில் இந்திய நாடாளுமன்றம் தாக்கப்பட்டது. இந்தியா தன் தூதரைத் திரும்ப அழைத்தது; எல்லையின் இருபுறமும் பெரும்படைகள் நின்றன. தில்லி-இலாகூர்ப் பேருந்தும் 'சம்சௌதா' விரைவு வண்டியும் சனவரி முதல் நாளினின்று நிறுத்தப்பெற்றன. அதே நாளில் அணு நிலையப் பட்டியல்கள் வழக்கம்போல் கைம்மாறின. நட்பின் அடையாளமாக வந்தது நின்றது. தெளிவின்பொருட்டு வந்தது நிலைத்தது.

இலாகூரும் கார்கிலும்

இதன் மறுபக்கத்தை 1999-ஆம் ஆண்டில் காணலாம். பிப்ரவரி 20-இல் பிரதமர் வாசுபாய் பேருந்தில் இலாகூர் சென்றார். மறுநாள் இலாகூர் அறிக்கை வெளியாயிற்று. இரு நாட்டு மக்களும் மகிழ்ந்தனர், அம்மகிழ்ச்சி பொய்யன்று. ஆயின் சில திங்களுள், கார்கில் பகுதியின் உயர்மலை முகடுகளைப் பாகிஸ்தான் தரப்பினர் கைப்பற்றியிருந்தமை தெரியவந்தது. மே முதல் சூலை வரை நடந்த போரில் இந்தியத் தரப்பில் மட்டும் 500-க்கு மேற்பட்ட வீரர் உயிர் துறந்தனர்.

அம்மலைக் காவல்நிலைகள் பலவற்றைக் கடுங்குளிர்க் காலத்தில் விட்டிறங்குதல் அதுவரை வழக்கமாயிருந்தது. எழுதப்படாத அவ்வழக்கத்தைச் சரிபார்க்கும் வழி ஏதும் இல்லை. அது முறிந்தபின், பனிமலை உச்சிகளில் ஆண்டு முழுவதும் காவல் நிற்க வேண்டியதாயிற்று. இலாகூரில் வளர்ந்தது நம்பிக்கை. கார்கிலில் இல்லாதிருந்தது தேற்றம். முன்னதை மட்டும் கொண்டு பின்னதன் இடத்தை நிரப்புதல் இயலாது என்பதே அவ்வாண்டு தரும் பாடம்.

எனினும் இலாகூரில் விதைத்தது முற்றும் வீணாயிற்று எனல் பொருந்தாது. எறிபடைச் சோதனைகளை முன்னறிவித்தல் வேண்டும் என ஆண்டு ஒப்புக்கொண்டது, 2005 அக்டோபர் 3-இல் தனி உடன்படிக்கையாயிற்று. நிலத்தினின்று நிலத்தைத் தாக்கும், விண்ணிலேறி வளைந்து வீழும் எறிபடையைச் சோதிப்பவர் குறைந்தது 3 நாள் முன்னர் அறிவித்தல் வேண்டும். ஏவுமிடம் எல்லையினின்று 40 கிலோமீட்டருக்குள்ளும், வீழுமிடம் 75 கிலோமீட்டருக்குள்ளும் அமைதல் ஆகாது.

வரம்பும் வாட்டமும்

தேற்றம் தருவன எல்லாம் குறையற்றன என்பது எம் கருத்தன்று. 2005-ஆம் ஆண்டு உடன்படிக்கை, விண்ணிலேறி வளைந்து வீழும் எறிபடைகளுக்கே உரியது; வானூர்தி போலத் தாழப் பறப்பவை அதன் வரம்பிற்கு அப்பாற்பட்டன. 2022 மார்ச்சு 9-இல் இந்திய எறிபடை ஒன்று தவறுதலாக ஏவப்பெற்று, பாகிஸ்தானத்துப் பஞ்சாபில் மியான் சன்னு அருகே வீழ்ந்தது. வெடிபொருள் அதில் இல்லாமையால் உயிர்ச்சேதம் நிகழவில்லை. மறுநாள் பாகிஸ்தான் அதனை வெளியிட, அதற்கும் அடுத்த நாளே இந்தியா வருத்தம் தெரிவித்து அறிக்கை விடுத்தது. இரு நாள் இடைவெளி என்பது அணுப்படை உடைய இரு நாடுகளுக்கிடையே மிக நீண்ட காலம். உடன்படிக்கை வரையறுத்த பொருளுக்கு அப்பாலும் தெளிவு வேண்டும் என்பதனை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

சிந்துநீர் உடன்படிக்கையின் வரலாறு வேறொன்றைக் காட்டும். 1965, 1971, 1999 ஆகிய ஆண்டுகளின் போர்களைக் கடந்து அது நின்றது. ஆயினும் 2022 மே மாதத்திற்குப் பின் இரு நாட்டு ஆணையர் கூட்டம் நிகழவில்லை. 2023-இலும் 2024-இலும் உடன்படிக்கையைத் திருத்த வேண்டி இந்தியா அறிவிக்கை விடுத்தது. 2025 ஏப்பிரல் 22-இல் பகல்காமில் 26 பேர் கொல்லப்பட்டதனை அடுத்து, மறுநாள் இந்தியா உடன்படிக்கையை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. இந்தியா கூறிய காரணம் பயங்கரச் செயல்களே. ஆணையர் கூடாமை அன்று. ஆயினும், நெருக்கடி வந்தபோது உடன்படிக்கையின் உயிர்நாடியாகிய ஆண்டுக்கூட்டம் முன்னரே ஓய்ந்திருந்தது என்பது நோக்கத்தக்கது. ஆறு வற்றுமுன் வாய்க்கால் தூர்ந்திருந்தது எனலாம்.

தடையும் விடையும்

இனி, எழக்கூடிய தடைகள் இரண்டு. 'இவ்வேற்பாடுகள் இத்தனை இருந்தும் 2025 மே மாதத்தில் இரு நாடுகளும் பொருதன அல்லவோ? ஆதலின் இவற்றால் பயன் என்னை?' என்பது முதல் தடை. இதற்கு விடை கூறுவாம். இவ்வேற்பாடுகள் பகையின் காரணத்தை நீக்க எழுந்தவை அல்ல. பிழையாக உணர்தலால் விளையும் கேட்டினை நீக்கவே எழுந்தவை. காரணம் கொண்டு மூளும் போரைத் தடுக்கும் ஆற்றல் இவற்றுக்கு இல்லை. ஆயின் மூண்ட போரை நிறுத்தும் வழி இவற்றுள் உண்டு. மே 10-ஆம் நாள் பிற்பகல் 3.35 மணிக்குப் பாகிஸ்தானின் படைச்செயல் தலைமை இயக்குநர் இந்திய இயக்குநரோடு தொலைபேசியிற் பேசினார்; மாலை 5 மணி முதல் போர் நிறுத்துவதென இருவரும் உடன்பட்டனர் என இந்திய அரசு அறிவித்தது. பிற நாடுகளின் பங்கு குறித்து இரு அரசுகளும் வேறுபடக் கூறுகின்றன. எவ்வாறாயினும், படையினர் படையினரோடு பேசுதற்கு 1971-ஆம் ஆண்டுப் போரினை அடுத்து இட்ட இணைப்பு அன்று பயன்பட்டது. அவ்வாண்டு சூலை 1-ஆம் நாள், 2008-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, தத்தம் சிறைகளில் உள்ள மற்றைய நாட்டுக் குடிமக்கள், மீனவர் ஆகியோரின் பட்டியல்களையும் இரு நாடுகளும் பரிமாறிக்கொண்டன.

இதனினும் தெளிந்த சான்று 2021-ஆம் ஆண்டினது. 2019 ஆகஸ்டு முதல் இரு தலைநகரங்களிலும் மற்றைய நாட்டின் உயர் ஆணையர் இலர், இரயில் இல்லை, பேருந்தும் இல்லை, வணிகமும் ஏறத்தாழ நின்றுவிட்டது. நம்பிக்கை என்பதன் சுவடும் காணப்படாத அக்காலத்தில், 2021 பிப்ரவரி 25-இல் இரு நாட்டு இயக்குநர்களும் கூட்டறிக்கை வெளியிட்டுப் போர்நிறுத்தத்தைச் செவ்வனே கடைப்பிடிக்க இசைந்தனர். கட்டுப்பாட்டுக் கோட்டில் துப்பாக்கிச்சூடு பெரிதும் அடங்கியது; எல்லையோரச் சிற்றூர் மக்கள் தம் வயல்களுக்கு அச்சமின்றிச் சென்றனர். 2025 ஏப்பிரல் வரை அந்நிலை பெரும்பாலும் நீடித்தது. நம்பிக்கை இல்லாத இடத்தும் தேற்றம் இயலும் என்பதற்கு இதுவே சான்றாகும்.

'பேருந்தும் இரயிலும் பயனற்றவையோ?' என்பது இரண்டாவது தடை. பயனுடையவே. பிரிந்த குடும்பத்தார் ஒருவரையொருவர் காணவும், அடியார் தம் திருத்தலம் சென்று வழிபடவும் அவை உதவின. 1976-இல் தொடங்கிய இரயிலும், 2005-இல் சிறீநகருக்கும் முசாபராபாத்துக்கும் இடையே ஓடத் தொடங்கிய பேருந்தும் இல்லாதிருப்பின், பலர் தம் உடன்பிறந்தாரைக் காணாமலே மறைந்திருப்பர். எம் கருத்து, அவை முதற்படி ஆகமாட்டா என்பதே. தேற்றமாகிய நிலத்தின்மேல் எழுந்தால் அவை நிலைக்கும். அந்நிலம் இல்லாவழி, முதற் குண்டு வெடித்த அளவிலேயே அவை நிற்கும். அவை நிற்கும்போது துன்புறுவோர் உடன்படிக்கை எழுதியவர் அல்லர். பயணச்சீட்டுடன் எல்லையில் காத்திருப்போரே.

முடிபு

மேற்கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. முதலாவது, போருக்குப் பின் அண்டை நாடுகளுக்கிடையே நிலைத்த ஏற்பாடுகள் பெரும்பாலும் சிறியன, நாள் குறித்தன, இருவரும் ஒருங்கே செய்வன, இருவர்க்கும் தன்னலம் உடையன. இரண்டாவது, அவை நம்பிக்கையை முன்நிபந்தனையாகக் கொள்ளாதன; நம்பிக்கை இல்லாதார்க்கென்றே அமைந்தன. மூன்றாவது, அவற்றைப் பேணுதல் நட்புக் காலத்தினும் பகைக்காலத்தே இன்றியமையாதது. உறவு நலிந்தபோது கூட்டங்களை நிறுத்துதல், நோயுற்றபோது மருந்தினை நிறுத்துதல் போல்வதாம்.

'நம்பிக்கை வளர்க்கும் நடவடிக்கைகள்' என்னும் தொடர் வழக்கில் வேரூன்றிவிட்டது. அதனை இன்று மாற்ற முயலுதல் எளிதன்று, வேண்டுவதும் அன்று. ஆயினும் அத்தொடரைப் படிக்குந்தோறும் அதன் உள்ளே 'தேற்றம்' என்னும் பொருளை வைத்துப் படித்தல் நன்று. அங்ஙனம் படிப்பின், பகைவர் நண்பராகவில்லையே என்று இவ்வேற்பாடுகளைக் கைவிடமாட்டோம். பகைவராகவே இருப்பினும், இவ்வாண்டும் பட்டியல் வந்ததா, தொலைபேசி மணி ஒலித்ததா, பயிற்சிக்கு முன் அறிவிப்பு வந்ததா எனக் கேட்போம். குடிமக்கள் தம் அரசுகளிடம் கேட்கத்தக்க வினாக்கள் இவையே. கலங்கிய நீர் ஒருநாளில் தெளிவதில்லை. தெளியுமளவும் அதனைக் கலக்காதிருத்தலே இருபுறத்தார்க்கும் உரிய கடனாகும்.